தூணில் உரசிய கார்: கிளெய்ம் போடுவதா, கைக்காசைக் கொடுப்பதா?

துடியலூர் தம்பி:
வணக்கம். போன ஞாயிறு இரவு எங்கள் அபார்ட்மென்ட் கீழ்த்தள பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது காரைத் தூணில் உரசிவிட்டேன். இடது பின்கதவு, அதை ஒட்டிய குவார்ட்டர் பேனல், பின்பம்பர் மூலை மூன்றும் அடி வாங்கிவிட்டன. கதவில் ஒரு முழத்துக்குக் கோடு. பம்பர் மூலையில் விரல் நுழையும் அளவு விரிசல்.

2021 நவம்பரில் வாங்கிய 1,197 சிசி பெட்ரோல் வண்டி. இதுவரை இன்சூரன்ஸில் ஒரு கிளெய்மும் போட்டதில்லை. கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி (என்சிபி) இப்போது 35%, அடுத்த மாதம் ரினியூவலில் 45% ஆகும். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் எடுக்கவில்லை. ஷோரூம் எஸ்டிமேட் 16,000 ரூபாய்: புது பம்பர் 3,800, மூன்று இடத்துக்கும் பெயின்ட் 9,000, டிங்கரிங் கூலி 3,200. பக்கத்துப் பட்டறையில் 9,500 கேட்கிறார்கள். அவர்கள் பம்பரை மாற்ற மாட்டார்கள், ஒட்டிப் பெயின்ட் அடித்துத் தருவார்கள். மூன்று நாளாக முடிவெடுக்க முடியவில்லை. கிளெய்ம் போடலாமா?

வேளச்சேரி வாசி:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. நான்கு வருடம் பிரீமியம் கட்டியது எதற்கு? நாம் கட்டிக்கொண்டே இருப்போம், அடிபட்டால் மட்டும் தள்ளுபடி போய்விடும் என்று பயந்து கைக்காசைக் கொடுப்போம். இந்தப் பயம் எனக்கு நியாயமாகவே படவில்லை.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் பாலிசியில் ஓன் டேமேஜ் பிரீமியம் (நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி) எவ்வளவு என்று பாருங்கள். என்சிபி அதில் மட்டும்தான் கழியும், அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பகுதியில் கழியாது. தள்ளுபடிக்கு முந்தைய தொகையைச் சொன்னால் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

துடியலூர் தம்பி:
ஏறக்குறைய 10,000 ஐயா.

கணக்குப்பிள்ளை:
சரி. 16,000 பில் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. பம்பர் பிளாஸ்டிக், தேய்மானம் என்று அதில் பாதி கழிப்பார்கள்: 1,900. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள்: 1,125. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக 4,025 உங்கள் கையிலிருந்து, 11,975 கம்பெனி தரும்.

இப்போது மறுபக்கம். கிளெய்ம் வாங்கினால் நவம்பரில் என்சிபி பூஜ்யம். 5,500 கட்ட வேண்டிய இடத்தில் 10,000 கட்டுவீர்கள், நஷ்டம் 4,500. அடுத்த வருடம் 50% இருக்க வேண்டியது 20% இருக்கும், 3,000. அப்புறம் 25%, 35%, 45% என்று ஏறி மீண்டும் 50% தொடும்வரை 2,500, 1,500, 500. மொத்தம் 12,000. ஜிஎஸ்டி 18% சேர்த்தால் 14,160. 11,975 வாங்குவதற்கு 14,160 கொடுக்கிறீர்கள்.

வேளச்சேரி வாசி:
ஐயா, இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது. வண்டி பழசாகப் பழசாக ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) குறையும், ஓன் டேமேஜ் பிரீமியமும் அதோடு இறங்கும். ஐந்து வருடமும் 10,000 என்று வைத்தது கூடுதல். இரண்டாவது, இனி ஐந்து வருடம் தம்பி ஒரு கிளெய்மும் போட மாட்டார் என்று எடுத்துக்கொண்டீர்கள். யார் கண்டது?

என் கதையைச் சொல்கிறேன். 2022-ல் ஒரு ஷேர் ஆட்டோ இடித்துக் கதவு உள்ளே போனது. என்சிபியைக் காப்பாற்ற வேண்டும் என்று 13,000 கைக்காசு போட்டேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். காலையில் மாடியிலிருந்து பார்த்தால் காரின் சீட் வரைக்கும் தண்ணீர். சாவியைத் திருப்பவே இல்லை, தண்ணீர் வடிந்த பிறகு கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம். பெரிய கிளெய்ம். பொத்திப் பொத்தி வைத்திருந்த 50% ஒரே நாளில் போனது. அந்த 13,000 எனக்கு ஒரே ஒரு ரினியூவலுக்குத்தான் உதவியது.

நெல்லை மணி:
ஏன் இவ்வளவு குழப்பம்? நவம்பரில் 45% வாங்கி ரினியூ செய்துவிட்டு, டிசம்பரில் இடித்தது என்று கிளெய்ம் போடுங்கள். இல்லையென்றால் இன்னொரு உரசல் வரும்வரை காத்திருந்து இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடலாம். ஊரில் நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, இதை மட்டும் கேட்காதீர்கள். தேதியை மாற்றி எழுதுவது பொய். கிளெய்ம் பாரத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். சேதத்தைப் பார்க்கக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் தினமும் இருபது வண்டி பார்ப்பவர், இரண்டு மாதப் பழைய கீறலில் படிந்த அழுக்கு அவருக்குத் தெரியும். உண்மைத் தேதியைச் சொன்னாலோ அது பழைய பாலிசியில் சேரும், புதுப் பாலிசியில் வாங்கிய 45% தப்பான என்சிபி ஆகிவிடும். நாளைக்குப் பெரிய விபத்து நடந்து கம்பெனி பழைய பாலிசியைத் தோண்டினால் அந்தக் கிளெய்மே சிக்கலாகும். தனித்தனி விபத்தை ஒன்றாகக் காட்டுவதும் இதே ரகம்தான்.

வேளச்சேரி வாசி:
இதில் ஐயாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். போட்டால் இப்போதே, உள்ளதைச் சொல்லிப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வாசி சார், உங்கள் நஷ்டம் புரிகிறது. 13,000 சும்மா வந்த பணமில்லை. ஐந்து வருடத்துக்கு 10,000 என்று வைத்தது கூடுதல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் கணக்குக்கு ஐந்து வருடம் தேவையே இல்லை. முதல் ரினியூவலை மட்டும் பாருங்கள். பட்டறையில் கொடுத்தால் 9,500. கிளெய்ம் போட்டால் கையிலிருந்து 4,025. இன்றைக்கு மிச்சம் 5,475. நவம்பரில் ஜிஎஸ்டியோடு கூடுதலாகக் கட்டுவது 5,310. மிச்சம் 165 ரூபாய். ஒரே மாதத்தில் வாங்கியதெல்லாம் போய்விட்டது. அதற்கடுத்த நாளே புயல் வந்தாலும் தம்பிக்கு நஷ்டம் 165 தான். வராவிட்டால் வருடாவருடம் லாபம்.

வேளச்சேரி வாசி:
சரி, இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 9,500 வேலையும் 16,000 வேலையும் ஒன்றா? ஒரு பக்கம் புது பம்பர், பூத்தில் அடித்த பெயின்ட். இன்னொரு பக்கம் ஒட்டுப்போட்ட பம்பர். ஷோரூம் வேலையோடு ஷோரூம் வேலையை ஒப்பிட்டால் கிளெய்ம்தான் ஜெயிக்கும், முதல் வருடத்திலேயே 6,665 மிச்சம். அதோடு பம்பருக்குப் பின்னால் என்ன வளைந்திருக்கிறது என்று இன்னும் யாருமே பார்க்கவில்லை. பட்டறைக்காரர் பாதி வேலையில் "உள்ளே இன்னும் இருக்கு சார்" என்றால் அப்போது என்ன செய்வீர்கள்?

பட்டறை வீட்டுப் பெண்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். அப்பா முப்பது வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார், நான் எஸ்டிமேட் எழுதுகிறேன். வாசி அண்ணா கேட்டது சரியான கேள்வி. நல்ல பட்டறையும் உண்டு, பள்ளத்தைத் தட்டி எடுக்காமல் பட்டி என்ற பசையை அப்பித் தேய்த்துவிடும் பட்டறையும் உண்டு. அது ஒரு வருடம் பளபளப்பாக இருக்கும், அப்புறம் விளிம்பில் வெடிக்கும், தண்ணீர் இறங்கும், தகடு துருப்பிடிக்கும். வண்டியை எடுக்கும்போது பிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தைக் கொண்டுபோய், பழுது பார்த்த இடத்தில் ஒரு மெல்லிய துணி போட்டு வைத்துப் பாருங்கள். மற்ற இடத்தில் ஒட்டுவது அங்கே நழுவினால் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

தம்பி, முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். டிக்கியைத் திறந்து கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி பள்ளத்தின் இடது ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியிருந்தால் தகடு தள்ளியிருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்து பம்பர் பிடிக்கும் பிராக்கெட்டையும் பாருங்கள். டிக்கி கதவு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் மூடுகிறதா? இதில் ஏதாவது கோணலாக இருந்தால் கணக்கே வேறு. செலவு முப்பதாயிரத்தைத் தாண்டும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு கிளெய்ம் போடுங்கள். அதற்கு முன் எங்கேயும் தட்டவோ ஒட்டவோ விடாதீர்கள். சர்வேயர் பார்க்கும் முன் வேலை ஆரம்பித்தால் பணம் வராது.

துடியலூர் தம்பி:
அக்கா, இப்போதுதான் பார்த்துவிட்டு மேலே வந்தேன். ஸ்டெப்னி பள்ளம் சுத்தமாக இருக்கிறது, பெயின்ட் எங்கும் சுருங்கவில்லை. பிராக்கெட் நேராக இருக்கிறது, ஒரு கிளிப் மட்டும் உடைந்திருக்கிறது. டிக்கி இரண்டு பக்கமும் என் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுதான். கிளெய்ம் போடவில்லை. பட்டறைக்குத்தான் போகிறேன். ரினியூவலில் ஜீரோ டெப்பும், கிளெய்ம் போட்டாலும் தள்ளுபடி போகாமல் காக்கும் என்சிபி பாதுகாப்பும் கேட்டுப் பார்க்கிறேன், வண்டிக்கு ஐந்து வயது ஆகாததால் கிடைக்கலாம்.

வேளச்சேரி வாசி:
சரி தம்பி, தகடு நேராக இருக்கிறது என்றால் நானும் இதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தப் பம்பரை ஒட்ட வேண்டாம். விரல் நுழையும் விரிசல் என்று நீங்களே சொன்னீர்கள். ஒட்டினால் அடுத்த வேகத்தடையில் திரும்பப் பிளக்கும். 3,800 கொடுத்துப் புதிதாகவே வாங்கிக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அதையும் சேர்த்தால் செலவு 13,000 பக்கம் வரும் சார். ஒரு வருடக் கணக்கில் கிளெய்ம் கொஞ்சம் முந்தும், இரண்டாவது ரினியூவலில் அதுவும் சரிக்குச் சரியாகிவிடும்.

பட்டறை வீட்டுப் பெண்:
பம்பர் புதிதாக வந்தால் ஒட்டும் கூலி குறையும் ஐயா, அவ்வளவு வராது. தம்பி, பட்டறையில் எஸ்டிமேட்டை மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். ஒட்டுக்கூலி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

துடியலூர் தம்பி:
கேட்டுவிட்டேன் அக்கா. ஒட்டுக்கூலி 1,200 கழித்து, புது பம்பரோடு 12,100. திங்கள் காலை வண்டியை விடுகிறேன். காந்தம் பையில் இருக்கிறது.