கொழும்பில் ஒட்டி அடித்த எயார் ரைபிள் நுவரெலியாவில் சிதறுது: உயரமா, பெலட்டா, வேற எதுவுமா?

கேள்வி: விளையாட்டு டீச்சர், நுவரெலியா

வணக்கம். எங்க பாடசாலையில போன வருஷம் பத்து மீற்றர் எயார் ரைபிள் பயிற்சி ஆரம்பிச்சோம். பிள்ளைகள் பதினொரு பேர், ரைபிள் ஒன்றுதான். கொழும்பிலிருக்கிற பழைய மாணவர் ஒருத்தர் அன்பளிப்பா தந்தது. குழலை மடக்கி லோட் பண்ணுற ஸ்பிரிங் வகை, 4.5 மில்லிமீற்றர். அனுமதி விஷயம் எல்லாம் அதிபர் பொறுப்பு, ரைபிளும் அவரோட இரும்பு அலுமாரியிலதான் இருக்கு. மண்டபத்துக்குள்ள மட்டும்தான் சுடுறோம்.

ரைபிள் வந்த பெட்டிக்குள்ள ஒரு இலக்குத் தாள் இருந்தது. கொழும்பில சுட்டது, மூணு ஓட்டை, அகலம் 9 மில்லிமீற்றர், நடுவிலேயே விழுந்திருக்கு. இங்க அதே ரைபிள், அதே டின் பெலட் (ரைபிளில போடுற சின்ன ஈயக் குண்டு). பத்து அடிச்சா 28 மில்லிமீற்றருக்குப் பரவுது. ஓட்டைகளோட மொத்தக் கூட்டமும் 7 மில்லிமீற்றர் அளவு கீழே இறங்கி நிக்குது. குழலைத் துடைச்சேன். இறுகிக் கிடக்கோ என்று தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு, மடக்கினதும் தெரியிற காற்று ஓட்டை வழியா விட்டேன். அதுக்கப்புறம் சில அடிகளில "படார்" என்று சத்தம், லேசா புகை, கருகின வாசம்.

மாகாணப் போட்டிக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பணும் என்று ஆசைப்படுறேன். அவங்க கை நல்லா இருக்கு. ரைபிள் சரியில்லாததால அதுங்க தங்களையே நொந்துகொள்ளுறதைப் பார்க்க முடியல. புது பெலட் வாங்கணுமா? இவ்வளவு உயரத்தில இது இப்படித்தானா?

பதில்: பதுளை

டீச்சர், முதல் வேலையா அந்த எண்ணெயை நிறுத்துங்க. ஸ்பிரிங் ரைபிளில பிஸ்டன் காற்றை அமுக்குற வேகத்தில உள்ள கடுமையா சூடாகுது. அந்தச் சூட்டில எண்ணெய் பத்திக்கும், டீசல் எஞ்சின் மாதிரி. நீங்க கேட்ட படார் சத்தம் அதுதான். ஒரு அடி பத்தும், அடுத்தது பத்தாது, பெலட் வேகம் அடிக்கு அடி மாறும். சீலும் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகவும் வழி இருக்கு. பெலட் போடாம வெறுமனே அடிக்கவும் விடாதீங்க. முன்னுக்குக் காற்று மெத்தை இல்லாம பிஸ்டன் போய் இரும்பில மோதும்.

இனி ஒண்ணும் ஊத்தாம நாற்பது ஐம்பது அடி அடிச்சுப் பாருங்க, புகை தானா அடங்கும். அடங்கலைன்னா திறக்கத் தெரிஞ்சவரிடம் குடுங்க, வீட்டில திறக்க வேணாம். உள்ள ஸ்பிரிங் அமுங்கியே இருக்கு, எகிறினா கண்ணு போயிரும்.

அடுத்தது, ரைபிளோட மரக் கட்டையை இரும்போட சேர்த்துப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ. முன்பக்கம் இரண்டு, ட்ரிகர் வளையத்தில ஒண்ணோ இரண்டோ இருக்கும். கொழும்பிலிருந்து வேனில குலுங்கி வந்தது, இங்க மரம் ஈரம் குடிக்குது. திருகிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

பதில்: பண்டாரவளை (ஓய்வு பெற்ற டெக்னீஷியன்)

உயரத்தைப் பற்றிக் கேட்டதால கணக்கா சொல்றேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்க காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் ரைபிள் தன் சிலிண்டருக்குள்ள இருக்கிற காற்றைத்தான் அமுக்கி அடிக்குது. உள்ள காற்றே குறைவா இருந்தா வேகமும் குறையும். போட்டிக்காரர் பாவிக்கிற, 200 பார் அழுத்தத்தில காற்று நிரப்பின சிலிண்டர் ரைபிளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

ஆனா எவ்வளவு குறையும்? உங்க ரைபிள் செக்கனுக்கு 170 மீற்றர் அடிக்குது என்று வைங்க. பத்து மீற்றருக்குள்ள பெலட் சுமார் 17 மில்லிமீற்றர் விழும். வேகம் நூற்றுக்கு ஐந்து குறைஞ்சா 19. வித்தியாசம் வெறும் 2 மில்லிமீற்றர். இலக்கில ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில இருக்கிற 2.5 கூட இல்லை. குறிபார்க்கிற சைட்டில சில கிளிக் ஏத்தினா தீர்ந்தது.

அதனால உயரம் கூட்டத்தைக் கொஞ்சம் கீழே தள்ளும், அவ்வளவுதான். அகலமாக்காது. 28க்குப் பரவுதுன்னா, அடிக்கு அடி மாறுற ஏதோ ஒண்ணு ரைபிளில இருக்கு. அதைத்தான் தேடணும்.

இன்னொரு விஷயம். மூணு ஓட்டைத் தாளையும் பத்து ஓட்டைத் தாளையும் பக்கத்தில வைச்சுப் பார்க்கக் கூடாது. ஒரே ரைபிள், ஒரே ஆள் என்றாலும் பத்து அடிச்சா கூட்டம் மூணை விட சராசரியா ஒன்றரை மடங்குக்கு மேல அகலும். கொழும்புத் தாளோட 9ஐப் பத்து அடிக்கு மாத்தினா 14 வரும். உங்க இலக்கு அந்தப் பதினாலு. 9க்கு ஆசைப்பட்டு நல்ல ரைபிளைக் குறை சொல்லிடாதீங்க.

பதில்: கண்டி (பிள்ளை சுடுறாங்க)

பெலட் விஷயம் நான் சொல்றேன் டீச்சர், எங்க வீட்டு மேசையில தினமும் நடக்கிறது. டின்னைத் திறந்து ஒவ்வொண்ணா வெளிச்சத்தில திருப்பிப் பாருங்க. பின்பக்க வாய் வட்டமா இருக்கணும். ஈயம் மெதுமையானது, டின் ஒருதரம் கீழே விழுந்தாலே சிலது நசுங்கிடும். நசுங்கினதைத் தனியா எடுத்து வைங்க, பழக்கத்துக்கு ஆகும், கணக்குக்கு ஆகாது.

நகைத் தராசில நிறுத்துப் பிரிக்கச் சொல்லி யாராவது சொல்லுவாங்க. போட்டி பெலட் ஒண்ணு சுமார் 0.53 கிராம். சாதாரணத் தராசு காட்டுற மிகச் சின்ன அளவு 0.01. நல்ல டின்னுக்குள்ள இருக்கிற வித்தியாசமே அந்த அளவுதான், அதனால பெரிசாப் பிரியாது. ஒண்ணு இரண்டு பழுதானதைப் பிடிக்கலாம், அதுக்கு மேல நேரம் செலவழிக்க வேணாம். பலன் தர்றது பெலட்டோட தலை விட்டம். 4.49, 4.50, 4.51 மில்லிமீற்றர் என்று வருது. எது உங்க குழலுக்குப் பொருந்தும் என்று சுட்டுத்தான் தெரியும்.

பிடிக்கிற விதமும் கேக்கணும். எங்க வைச்சு அடிச்சீங்க? மேசையில மண் மூட்டை மேலயா? ஸ்பிரிங் ரைபிள் முதல்ல பின்னுக்கு உதைக்கும், பிஸ்டன் முட்டினதும் முன்னுக்கு இழுக்கும். பெலட் குழலை விட்டு வெளிய வர்றதுக்குள்ள இந்த ஆட்டம் ஆரம்பிச்சிடும். கெட்டியான எதிலயும் அழுத்திப் பிடிச்சா ஒவ்வொரு தரமும் வேற மாதிரித் துள்ளும். ட்ரிகர் வளையத்துக்கு முன்னால, ரைபிள் சமநிலையாக நிக்கிற இடத்தில, விரிச்ச உள்ளங்கையில சும்மா படுக்க வைங்க, இறுக்க வேணாம். பெலட் போடும்போது மற்றக் கை குழலை விடவே கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குப் பழக்குங்க. குழல் திரும்ப அடிச்சா விரல் போயிடும். முடிஞ்சதும் சோப் போட்டுக் கை கழுவாம யாரும் பலகாரத்தில கை வைக்கக் கூடாது, ஈயம்.

கேள்வி கேட்டவர்: நுவரெலியா

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமை எடுத்தேன். ஒரு தரத்துக்கு ஒரு விஷயம் மட்டும் மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் பத்து அடி, தாளில திகதி போட்டு வைச்சேன். பிள்ளைகளில சின்னவள்தான் அளவுகோலோட அளந்து எழுதினது.

முதல்ல ஒண்ணும் ஊத்தாம ஐம்பது அடி. முப்பதாவது அடிக்குப் பிறகு புகை இல்லை, வாசமும் போயிட்டுது. கூட்டம் 24.

பிறகு ஸ்க்ரூ. முன்பக்க இடது ஸ்க்ரூவில அலன் கீயை வைச்சு லேசாத்தான் திருப்பினேன், முக்கால் சுற்று சும்மா போச்சு. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில ஒரு தாள் நுழையிற இடைவெளி. வலது பக்கம் அரைச் சுற்று. கழற்றிப் பார்த்தால் மரையெல்லாம் பிசுபிசுப்பு, நான் விட்ட எண்ணெய்தான் இறங்கியிருக்கு. ஸ்பிரிட்டில துடைச்சு, மரம் நசுங்காத அளவுக்கு இறுக்கி, ஸ்க்ரூ தலையிலிருந்து மரத்துக்கு ஒரு கோடா சிவப்புக் கியூடெக்ஸ் வைச்சேன். இனித் தளர்ந்தா கோடு விலகித் தெரியும். அன்றைக்குக் கூட்டம் 17. கீழே இறங்கினதும் 7லிருந்து 3 ஆச்சு. சேர் சொன்ன 2க்குக் கிட்ட வந்ததைப் பார்த்து, அந்தத் தாளைக் கரும்பலகையில ஒட்டி வைச்சிட்டேன்.

நான் மண் மூட்டையில வைச்சுத்தான் சுட்டிருக்கேன், சரியாத்தான் கேட்டீங்க. கையில வைச்சு, அதே டின்னில நசுங்கினதை எடுத்துட்டு அடிச்சது 15.

பதில்: பதுளை

பதினைஞ்சு நல்ல இடம் டீச்சர். ஒரு சோதனை மிச்சம் இருக்கு. குழல் மடங்கிற மூட்டுக்கு மேல மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒண்ணு வைச்சு, ரைபிள் இலக்கைப் பார்த்தபடியே ஒரு அடி அடிங்க. துண்டு பறந்தா அந்த இடத்து ரப்பர் வளையம் காற்றை விடுது.

பதில்: பண்டாரவளை

காலைக் குளிரையும் கவனிங்க. ஜனவரியில உங்க பக்கம் உறைபனி கொட்டுற காலையில உள்ள இருக்கிற கிரீஸ் தடிச்சு நிக்கும். முதல் பத்து அடியைக் கணக்கில சேர்க்காம, ரைபிளைச் சூடேத்துறதுக்கு என்று ஒதுக்கி வைங்க. போட்டியில 75 நிமிஷத்தில 60 அடி. அந்த 60க்கு முன்னாலேயே ரைபிள் பழகியிருக்கணும்.

கேள்வி கேட்டவர்: நுவரெலியா

டிஷ்யூ அசையல. சைட்டை ஏத்தி, கூட்டம் இப்ப நடுவில. கண்டியிலிருந்து வந்த 4.49 டின்னும் 4.50 டின்னும் அதே நாள், அதே பிள்ளை, மாறி மாறிப் பத்துப் பத்தா இரண்டு தரம் அடிச்சா. 4.50க்கு 15, 16. 4.49க்கு 12, 13. இலக்கோட நட்டநடுவில இருக்கிற பத்தாவது வளையம் அரை மில்லிமீற்றர் புள்ளிதான், இருந்தாலும் அந்தப் பிள்ளை தன் தாளில அந்தப் புள்ளியைக் காணல என்று ஓடி வந்து காட்டினா. மூணு பெலட் அதைத் தின்னு வைச்சிருந்தது.

இப்ப 4.49 டின்னில பாதிக்கு மேல முடிஞ்சிட்டுது. அடியில ஒட்டியிருக்கிற தொகுதி இலக்கத்தை எழுதி வைச்சிருக்கேன். அதே இலக்கத்தில நாலு டின் வேணும், போட்டி முடியும் வரைக்கும் வேற தொகுதி கலக்க விருப்பமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிக்கு வர்றேன், உங்க பக்கம் கடையில கண்டால் எடுத்து வைக்கச் சொல்லுங்க.