[கலைச்சொல்] ஸ்கெல்ச்: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

விடுநர்: இயற்பியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் 11 பிள்ளைகள் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலி) உரிமத் தேர்வு எழுத ஆசைப்படுகிறார்கள். 2004 டிசம்பரில் அமெச்சூர் வானொலிக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், 26ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு தொலைபேசி எல்லாம் செத்துக் கிடந்தபோது தங்கள் ரேடியோப் பெட்டி வழியாகவே வெளியே செய்தி சொன்னார்கள். அந்தக் கதையை வகுப்பில் சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் என்னை விடவில்லை. 12 வயது ஆகியிருந்தால் போதும். தொடக்கநிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடும் தேவையில்லை. ஆனால் கையில் கிடைக்கும் பாடமெல்லாம் ஆங்கிலம். எனவே 40 பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பண்பேற்றம், ஊர்தி அலை, பரப்பி, ஏற்பி எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் தரும் அடையாளமான கால்சைனுக்கு ‘அழைப்புக்குறி’ என்று போட்டுவிட்டேன். ஒரே ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: ஸ்கெல்ச். எஃப்எம் ஏற்பியில் யாரும் பேசாதபோது ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல் கொட்டும். நல்ல சிக்னல் வரும்வரை ஒலிபெருக்கியை மூடி வைப்பதுதான் ஸ்கெல்ச். தமிழில் என்ன சொல்லலாம்?

*

விடுநர்: ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியாளர், கோவை

டீச்சர், ‘இரைச்சல் அடக்கி’. இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி, இடிதாங்கி, சுமைதாங்கி போல இகர விகுதி வினைமுதற்பொருளில் வருகிறது. படித்தவுடன் புரியும்.

கையேட்டில் ஒன்றை மறக்காமல் சேருங்கள். அமெச்சூர் அலைவரிசையில் பேசக்கூடிய கைப்பெட்டியை உரிமம் வருவதற்கு முன் யாரும் வாங்க வேண்டாம். நம் நாட்டில் அனுப்புவதற்கு மட்டும் அல்ல, அந்தப் பெட்டியைக் கையில் வைத்திருப்பதற்கே உரிமம் தேவை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெற்றோர் ஆசையாக வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பொத்தானை அழுத்திப் பேசிப் பழகத்தான் வேண்டும் என்றால் 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். அதற்கென்றே வரும் வாக்கி டாக்கியை வைத்துப் பழக்குங்கள்.

உரிமம் வந்த பிறகும் கைப்பெட்டியோடு நிற்காதீர்கள். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த, பேசவும் கேட்கவும் உதவும் பிட்எக்ஸ் என்ற ரேடியோச் சுற்றைப் பிள்ளைகள் கையாலேயே கட்டட்டும். கம்பிச்சுருள் சுற்ற வளையம் கிடைக்காவிட்டால் குழாய் வாஷர் போதும் என்று காட்டியவர் அவர். அதைவிடப் பெரிய பாடம் பள்ளியில் கிடையாது. ஆனால் பிட்எக்ஸ் வேலை செய்யும் சிற்றலையில் பேசும் அனுமதி எந்தக் கிரேடுக்கு எவ்வளவு என்பதை விதிகளில் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

*

விடுநர்: தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு

பொறியாளர் ஐயாவுக்கு வணக்கம். ‘அடக்கி’ இலக்கணப்படி சரி. ஆனால் உயிரில்லை.

முதலில் ‘இரைச்சலவிப்பி’ என்று நினைத்தேன். ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற இடத்தில் அவித்தல் என்பது அடக்குதல்தானே. ஆனால் இன்று அவிப்பதென்றால் பிள்ளைகளுக்கு இட்லிதான் நினைவுக்கு வரும். விட்டுவிட்டேன்.

அப்புறம் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று யோசித்தேன். ஒரு மட்டம்வரை எதையும் விடாது. மட்டத்தைத் தாண்டினால் தானாக விடும். இதை நம் முன்னோர் ஏரிக்கரையில் கல்லால் கட்டி வைத்திருக்கிறார்கள். மதகு அல்ல, மதகை ஆள் திறக்க வேண்டும். நான் சொல்வது கலிங்கு. ஏரி நிறைந்து மட்டம் மீறினால் நீர் தானே வழியும் இடம். ‘ஒலிக்கலிங்கு’ என்று வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ‘கம்பலை, சும்மை, கலி, அழுங்கல்’ ஆகிய நான்கும் அரவப் பொருள் தரும் என்கிறது தொல்காப்பிய உரியியல். அரவம் என்றால் ஓசை. ஆக ‘கலி’ என்றாலே இரைச்சல்! நீர் இரைந்து விழும் இடம் கலிங்கு. இரைச்சலும் வாயிலும் ஒரே சொல்லுக்குள் அமைந்துவிட்டன.

*

விடுநர்: மென்பொருள் தமிழாக்கம் செய்பவள், சென்னை

புலவர் ஐயா, படிக்கும்போது மயங்கித்தான் போனேன். ஆனால் கலியிலிருந்து கலிங்கு வந்தது என்பதற்கு ஓசை ஒற்றுமை தவிர வேறு சான்று உண்டா? அப்படிப் பார்த்தால் ‘சும்மை’ என்பதும் ஓசைதான். ‘சும்மா இரு’ என்பதற்குச் சத்தம் போடு என்றா பொருள்?

இன்னொரு சிக்கல். நான் வேலூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் ஏரி நிறைந்தால் ‘கோடி போகிறது’ என்போம். கலிங்கு என்ற சொல்லைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கேட்டேன்.

என் கருத்து ‘ஸ்கெல்ச்’ என்றே விடலாம் என்பது. பெட்டியின் திரையில் அதன் சுருக்கமான ‘எஸ்க்யூஎல்’ என்றுதான் வரும். தேர்வுத் தாளிலும் ஆங்கிலச் சொல்தான். பிள்ளைக்கு இரண்டு சுமை எதற்கு?

*

விடுநர்: தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு

அம்மா, சொல்லின் முதலில் மெய் நிற்காது என்பதையாவது நினைவில் வைப்போம். ஸ், அதன்பின் கெ, கடைசியில் வல்லின ஒற்று. தலையும் வாலும் தமிழுக்கு ஒவ்வாத சொல் அது. நீங்கள் சொல்லும் அதே காரணத்தை அன்று ஏற்றுக்கொண்டிருந்தால் ‘வானொலி’ என்ற சொல்லே நமக்கு வந்திருக்காது. ‘ரேடியோ’ எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே, பிறகு ஏன் உருவாக்கினார்கள்?

*

விடுநர்: இயற்பியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

நேற்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். கலிங்கு யாருக்கும் தெரியவில்லை. “நம்ம ஊர்க் குளம் பெருகினா என்ன ஆகும்?” என்றதும் ஒரே குரலில் “மறுகால் பாயும் டீச்சர்” என்றார்கள். ஸ்கெல்ச் அப்படித்தான் என்றதும் அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. யுவி-5ஆர் என்ற கைப்பெட்டியின் மெனுவில் 0 முதல் 9 வரை அளவு வைப்பதைப் படத்தில் காட்டினேன். “கரையை உயர்த்துற மாதிரியா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். 40 பக்கம் எழுதிய எனக்கு அந்த வாக்கியம் வரவில்லையே என்று இருந்தது.

எனவே ‘மறுகால்’ பக்கம் என் மனம் சாய்கிறது.

*

விடுநர்: ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியாளர், கோவை

மன்னிக்க வேண்டும், இதை விட முடியாது. உவமை அழகாக இருக்கிறது என்பதற்காகத் தவறான இயற்பியலைக் கற்பித்துவிடக் கூடாது.

எஃப்எம் பெட்டிகளில் வழக்கமாக உள்ள ஸ்கெல்ச் சுற்று சிக்னல் எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பதில்லை. இரைச்சலைத்தான் அளக்கிறது. மனிதப் பேச்சுக்கு மேலே உள்ள அதிர்வெண்களை மட்டும் வடிகட்டி எடுத்து, அங்கே இரைச்சல் அதிகமாக இருந்தால் ஒலியை மூடி வைக்கும். ஊர்தி அலை வந்ததும் எஃப்எம் ஏற்பியில் இரைச்சல் தானே அமுங்கும். அமுங்கியதைக் கண்டு கதவு திறக்கும். உங்கள் குளத்தில் நீர் ஏறினால் வழிகிறது. இங்கே நீர் வற்றினால்தான் வழி திறக்கிறது. நேர் எதிர்! சிக்னல் அளவைப் பார்த்துத் திறக்கும் சுற்றுகளும் உண்டு, அவற்றுக்கு மறுகால் பொருந்தும். கைப்பெட்டி சுற்றை விளக்கும் பக்கத்தில் பொருந்தாது.

*

விடுநர்: மென்பொருள் தமிழாக்கம் செய்பவள், சென்னை

ஐயா, சுற்று உள்ளே என்ன அளக்கிறது என்பது வேறு, கேட்பவருக்கு என்ன நடக்கிறது என்பது வேறு. கலைச்சொல் யாருக்காக?

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். நேற்றுவரை ஸ்கெல்ச் என்றே விடலாம் என்றவள்தான். டோன் ஸ்கெல்ச்சுக்குச் சொல் தேடியபோது மாட்டிக்கொண்டேன். 88.5 ஹெர்ட்ஸ் போல ஒரு தாழ்ந்த தொனி பேச்சோடு சேர்ந்து வந்தால்தான் பெட்டி வாய் திறக்கும். ‘அடக்கி’யை வைத்துக்கொண்டால் இது ‘தொனி அடக்கி’ ஆகும். அப்படியென்றால் தொனியை அடக்குவது என்றல்லவா பொருள்? தொனிதான் இங்கே சாவி. வினையையும் பாருங்கள். ‘ஸ்கெல்ச் திறந்தது’ என்கிறோம். ‘அடக்கி திறந்தது’ என்று எந்தத் தமிழர் சொல்வார்? கதவு, மதகு, வாயில் என்று எதை எடுத்தாலும் திறக்கும், மூடும். ‘ஒலிக்கதவு’, ‘தொனிக்கதவு’ என்று போனால் குடும்பமாகச் சொற்கள் அமையும். சொல் தனியாக வாழாது, வினையோடும் உறவோடும்தான் வாழும்.

*

விடுநர்: வாசகர், கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். நான் அநேகமாக வாசிப்பவன்தான், எழுதுவது குறைவு.

நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்று படித்தோம். உங்கட புத்தகத்தை எங்கட பிள்ளைகள் எடுத்தால் முதல் பக்கத்திலேயே தடக்குப்படுவினம். தயவுசெய்து அடைப்புக்குறிக்குள்ளாவது மீடிறனைப் போட்டுவிடுங்கோ.

குளத்துச் சொல்லில் வைக்கப் போனால் ஊருக்கு ஒன்றாகத்தான் முடியும். எங்கட இடத்தில் குளம் நிரம்பினால் ‘வான் பாயுது’ என்போம். மழைக்காலத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தால் அது பெரிய செய்தி. கலிங்கு, கோடி, மறுகால் மூன்றும் எனக்குப் புதிசு.

*

விடுநர்: தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு

வான்கதவு!

ஐயா, உங்களுக்கு என் நன்றி. இரவு தூக்கம் வரவில்லை. வானொலிக்கு வான்கதவு. மட்டம் மீறினால் திறப்பதும் அதுவே, வானிலிருந்து வரும் அலைக்கு வழிவிடுவதும் அதுவே. பொறியாளர் ஐயா சொல்லும் எதிர்ப்புக்கும் இதில் இடமில்லை. ஏனென்றால் கதவு எதைக் கண்டு திறக்கிறது என்று இந்தச் சொல் சொல்லவில்லை, திறக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. ‘தொனி வான்கதவு’ என்று சென்னை அம்மையார் கேட்ட குடும்பமும் அமைகிறது. கலிங்கை நான் திரும்பப் பெறுகிறேன். கலி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

*

விடுநர்: ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியாளர், கோவை

கவிதைக்கு நல்லது. எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் வான்கதவு என்றால் சொர்க்கவாசல் என்று நினைப்பான். டோன் ஸ்கெல்ச் விஷயத்தில் சென்னை அம்மா சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ‘தொனித் திறப்பு’ என்று அதற்குத் தனியாக வைக்கலாம். மூலச்சொல் இரைச்சல் அடக்கியாகவே இருக்கட்டும்.

*

விடுநர்: மீனவர் மகன், தூத்துக்குடி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் விசைப்படகில் விஎச்எஃப் ரேடியோப் பெட்டி உண்டு. அதில் இந்த எஸ்க்யூஎல் திருகு இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக் ‘கரகரப்புத் திருகு’ என்போம்.

இரைச்சல் அடக்கி என்ற சொல்லில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. சின்ன வயதில் கரகரப்பு காதைப் பிடுங்குகிறது என்று நான் அந்தத் திருகை முழுக்க ஏற்றி வைத்துவிட்டேன். அப்பா வந்து ஓர் அதட்டு அதட்டினார். அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் தூரத்துப் படகு கூப்பிட்டால் குரல் மெலிசாகத்தான் வரும். திருகை ஏற்றினால் கரகரப்போடு அந்தக் குரலும் போய்விடும். “நீ சத்தத்த மட்டும் அமுக்கல, ஆளையும் சேத்து அமுக்குற” என்றார்.

அடக்கி என்று படித்தால் வேண்டாததை மட்டும் அடக்குகிறது என்றுதான் தோன்றும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் நல்லது என்று பிள்ளை நினைப்பான். கதவு என்றால் அப்படியில்லை. கதவை இறுக்கி மூடினால் வேண்டியவரும் உள்ளே வர முடியாது என்று சொல்லாமலே தெரியும். எந்தச் சொல் வைத்தாலும் சரி, இதை மட்டும் டீச்சர் கட்டாயம் எழுதுங்கள். நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் புயல் நேரத்தில் பெட்டி முன்னால் உட்காரப் போகிறார்கள்.

*

விடுநர்: இயற்பியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

அச்சகத்திலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார்கள். இனி தாங்காது.

எண்ணிப் பார்த்தேன். தனி மடல்களையும் சேர்த்து இரைச்சல் அடக்கிக்கு ஏழு பேர், ஒலிக்கதவுக்கு நான்கு, வான்கதவுக்கு இரண்டு, ஸ்கெல்ச்சுக்கு இரண்டு. மறுகாலுக்கு நான் ஒருத்திதான். அதனால் முதல் முறை வரும் இடத்தில் ‘ஸ்கெல்ச் எனப்படும் இரைச்சல் அடக்கி’, பிறகு ‘அடக்கி’ என்று போகிறது. பிள்ளைகள் படிக்க வசதியாகச் சொல்லைப் பிரித்தே எழுதியிருக்கிறேன். டோன் ஸ்கெல்ச்சுக்கு ‘தொனித் திறப்பு’. அதிர்வெண் வரும் முதல் இடத்தில் மீடிறனும் உண்டு.

தூத்துக்குடித் தம்பி சொன்னதைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன்: “அடக்கியை இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் தொலைவிலிருந்து மெலிதாகக் கூப்பிடுபவரின் குரலும் அடங்கிவிடும். யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது முழுவதும் திறந்து வைத்து இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.” அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் மறுகால் பாயும் குளம் ஒன்றை அந்தப் பிள்ளையே வரைந்து கொடுத்திருக்கிறாள். சுற்று விளக்கம் வேறு பக்கத்தில் இருக்கிறது, பொறியாளர் ஐயா கோபிக்க வேண்டாம்.

*

விடுநர்: தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு

கையேடு வரட்டும், மகிழ்ச்சி. பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. ஆனால் ‘அடக்கி திறந்தது’ என்று 27ஆம் பக்கத்தில் அச்சாகப் போவதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் மாறுபாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கிளிநொச்சி ஐயா, வான்கதவு எவ்வளவு பழைய சொல் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எனக்குத் தனி மடலில் எழுதுங்கள்.