வீடியோ போக்கர்: போன மாசம் கேட்ட கேள்விக்கு அப்டேட்

வேகாஸ்ல வீடியோ போக்கர்ல (மெஷின்ல ஆடுற சீட்டாட்டம்), 25 சென்ட் காயின் போடுற குவார்ட்டர் மெஷின்ல தொடர்ந்து தோக்கிறேன், எங்க தப்பு பண்றேன்னு கேட்டிருந்தேன். பே டேபிளை, அதாவது எந்த சீட்டு சேர்க்கைக்கு எவ்வளவு தரும்னு மெஷின்ல இருக்குற பட்டியலை, பாருன்னு ரெண்டு பேர் சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க, விஷயமே அதுதான்.

ஜாக்ஸ் ஆர் பெட்டர்தான் (ஜாக் ஜோடியோ அதுக்கு மேலயோ வந்தா பணம் தர்ற வகை) ஆடினேன், ஆனா ஃபுல் ஹவுஸுக்கு (மூணு ஒரே மாதிரி, கூட ஒரு ஜோடி) காயினுக்கு 8, ஃபிளஷ்ஷுக்கு (அஞ்சும் ஒரே சின்னம்) 5 குடுக்குற 8/5 மெஷின், அந்த ரெண்டு வரியை நான் கவனிச்சதே இல்ல. அதுக்கே 9, 6 குடுக்குற 9/6 மெஷின்ல தப்பில்லாம ஆடினா, போட்ட பணத்துல சராசரியா 99.54 சதவீதம் திரும்ப வரும், 8/5ல 97.3 தான். வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா ஒரு கைக்கு (ஒரு ஆட்டத்துக்கு) அஞ்சு காயின், ஒண்ணேகால் டாலர், மணிக்கு 600 கைன்னா 750 டாலர் உள்ள போகுது, அதுல 9/6ல சராசரியா மூணரை டாலர் போகும், 8/5ல 20 டாலர்!

ரெண்டு நாள் சுத்தி, ஸ்ட்ரிப்புக்கு (வேகாஸோட பெரிய கேசினோ தெரு) வெளிய ஒரு இடத்துல 9/6 கிடைச்சுது. 100.76 சதவீதம் தர்ற ஃபுல் பே டியூசஸ் வைல்ட் (2 சீட்டு எந்த சீட்டுக்கும் பதிலா நிக்கிற வகை) மட்டும் கண்ணுல படவே இல்ல.

இன்னொண்ணு, அந்த 99.54ல கிட்டத்தட்ட 2 சதவீதம் ராயல் ஃபிளஷ்ல (ஒரே சின்னத்துல 10ல இருந்து ஏஸ் வரை) இருந்து வருது, அது சுமார் 40,000 கைக்கு ஒரு தடவை. 40,000 கை ஆடியும் ஒண்ணுகூட வராம போக 37 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதுவரைக்கும் நல்ல மெஷின்லயும் பணம் கரைஞ்சுட்டேதான் இருக்கும். அஞ்சு காயினும் போடணும், இல்லன்னா ராயலுக்கு காயினுக்கு 800க்கு பதிலா 250தான்.

புது மெஷின்ல இதுவரை 11 மணி நேரம், ராயல் வரல, 140 டாலர் கீழ இருக்கேன்.