புதுப்பிப்பு: பந்திங்கில் பழைய குத்துவிளக்கு, மாலையில் மோரிப் கடற்கரை

மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங்கில் பழைய பித்தளைக் குத்துவிளக்கு எங்கே கிடைக்கும், அதே நாளில் பிள்ளைகளை மோரிப்புக்கும் அழைத்துப்போக முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இரண்டும் நடந்தன.

கையோடு காந்தம் கொண்டுபோகச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. முதல் கடையில் பளபளத்த விளக்கில் காந்தம் சட்டென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு! பித்தளையில் காந்தம் ஒட்டாது. அடுத்த கடையில், ரப்பர் பால் வடிக்கும் மங்குகளுக்கும் மரம் சீவும் சீவுளிக் கத்திகளுக்கும் அடியில் கருத்துப்போன விளக்கு ஒன்று கிடந்தது. ஒட்டவில்லை. தண்டைத் திருகிக் கழற்றினேன். மரை தேயாமல் இருந்தது. தவுக்கே (கடை முதலாளி) 80 வெள்ளி (ரிங்கிட்) சொல்லி, 65க்குக் கொடுத்தார்.

வீட்டில் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தபோதுதான் எதிர்பாராதது தெரிந்தது. அடித்தட்டில் புள்ளி புள்ளியாகக் குத்திய தமிழ் எழுத்துகள், யாரோ ஒரு பெண்ணின் பெயர். சீர்வரிசையில் வந்த விளக்காக இருக்கலாம். அந்தப் பெயர் அப்படியே இருக்கும்.

மோரிப்புக்குப் போகிறவர்கள் ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களை) அன்றன்றே பாருங்கள். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிச் சேறாகிவிடும். 1945 செப்டம்பர் 9 அன்று கரையிறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் வண்டிகளே இங்கே புதைந்தன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் தொலைவு விலகும். பிள்ளைகள் குளிக்க வேண்டுமென்றால் ஏற்ற நேரத்தில் போங்கள்.