காலி மனையில் இருப்பது தும்பையா?

கேள்வி: வேளச்சேரியில் காலி மனையில், மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பூச்செடி மண்டிக் கிடக்கிறது. தும்பைதான் என்று எப்படி உறுதி செய்வது? துவையல் அரைக்கலாமா? பிடுங்கி தொட்டியில் நட்டால் வாடிவிடுகிறது.

பதில் 1: தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாகச் சொரசொரவென்று இருக்கும். துளசிக் குடும்பம் அல்லவா. இலை குறுகலாக, எதிரெதிரே. பூக்கள் கணுவைச் சுற்றிப் பந்துபோல் நெருங்கியிருக்கும். ஒரு பூவை உருவுங்கள்: மேலுதடு சிறியது, வெள்ளை மயிர் மூடியது, கீழுதடு பெரியது, நாக்குபோல் நீளும். பூவைத் தாங்கும் பச்சைக் குழலின் (புல்லி) வாய் சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். பூ தலைகுனிந்து வெளிர்நீலமாக இருந்தால் அது கவிழ்தும்பை. பெயரில்தான் தும்பை, குடும்பமே வேறு. சமையலுக்கு வேண்டாம்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. ஆனால் அந்த மனையில் பறிக்காதீர்கள். நாய் மூத்திரம், களைக்கொல்லி, சாக்கடை எல்லாம் அங்கேதான். விதை மட்டும் எடுங்கள். காய்ந்த பூப்பந்தைத் தாளில் தட்டினால் பழுப்பு விதை உதிரும், புல்லிக்கு நான்கு வரை. மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், ஆழப் புதைத்தால் முளைக்காது. முழு வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். வளர்ந்த செடியைப் பிடுங்கினால் நுனிவேர் அறுந்துவிடும், வாடுவது அதனால்தான்.

பதில் 3: துவையலுக்குக் கொழுந்து மட்டும், ஒரு கைப்பிடி. உளுந்து 2 ஸ்பூன், மிளகாய் 3, கொட்டைப்பாக்களவு புளி. இலையை எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்குங்கள். முற்றிய இலை போட்டால் கசப்பில் வாயில் வைக்க முடியாது. சளிக்கு ஆவி பிடிக்க முற்றியதே போதும்.