நங்கூரம் பிடிக்காத கலம்

குழு: பாம்பன் குடும்பத்தார்

சூசை மாமா, இரவு 8:12
நேற்று குந்துகாலுக்கு வெளியே கடலடிப் பாறைப் பாரின் மேல் போட்ட நங்கூரம் பிடிக்காமல், விடியும்வரை வள்ளம் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. அது இருக்கட்டும். நிலவில் தலைகுப்புற விழுந்த கலத்தையும் வெற்றிக் கணக்கில் சேர்க்கிறார்களே, ரோசி, அது எப்படி?

ரோசி, 8:20
மாமா, உங்கள் வள்ளம் பட்ட பாட்டைத்தான் 2014 நவம்பர் 12 அன்று ஃபிலே என்ற ஐரோப்பியக் கலம் ஒரு வால்வெள்ளியின் மேல் பட்டது. அங்கே ஈர்ப்பு மிகவும் குறைவு என்பதால், தரையைத் தொட்டதும் இரண்டு ஈட்டிகளைப் பாய்ச்சித் தன்னைப் பிணைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். ஈட்டிகள் பாயவில்லை, மேலிருந்து அழுத்த வேண்டிய வாயு உந்தியும் கைவிட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் துள்ளிய அது மறுபடி கீழே வர இரண்டு மணி நேரம் ஆனது.

சூசை மாமா, 8:23
இரண்டு மணி நேரமா! அதற்குள் நான் வலையையே இழுத்து முடித்திருப்பேன்.

ரோசி, 8:29
கடைசியில் பாறை இடுக்கில் நிழலுக்குள் சாய்ந்து நின்றதால் வெயில் போதவில்லை. ஆனாலும் பேட்டரி தீரும்வரை, இரண்டு நாளுக்கு மேல், படங்களையும் அளவீடுகளையும் அனுப்பிக்கொண்டே இருந்தது. அதைப் பாதி வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, முக்கால் என்பேன்.

ஜெபா அண்ணன், 8:34
நிலவில் இறங்கப் போன நம் சந்திரயான்-2இன் விக்ரம் கலத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 2019 செப்டம்பரில் தரைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பாதை விலகித் தொடர்பு அறுந்தது. ஆனால் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் கால்களை வலுவாக்கி, எரிபொருளைக் கூட்டி, அரைக் கிலோமீட்டர்ச் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை நான்குக்கு 2.4 கிலோமீட்டராக விரித்ததெல்லாம் அந்த விழுகையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான்.

ரோசி, 8:41
மாமா கேட்டது ஜப்பானின் ஸ்லிம். 2024 ஜனவரியில், தரைக்கு ஐம்பது மீட்டர் உயரத்தில் அதன் இரண்டு எஞ்சின்களில் ஒன்று பழுதாகிவிட்டது. குறித்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் இறங்குவதுதான் அதற்கு இட்ட வேலை. ஐம்பத்தைந்து மீட்டரில் இறங்கியது, மூக்குக் குத்தி. சூரியத் தகடு மேற்குப் பக்கம் திரும்பிவிட்டதால் முடங்கிக் கிடந்து, எட்டு நாள் கழித்து வெயில் மேற்கே சாய்ந்ததும் விழித்துக்கொண்டது.

சூசை மாமா, 8:45
துறை தப்பவில்லை, கரையேறும்போதுதான் கவிழ்ந்தது என்று சொல். யாருமில்லாத இடத்தில் அதைப் படம் எடுத்தது யார்?

ரோசி, 8:47
தரையைத் தொடுமுன் அது உதறிவிட்ட, கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு உருண்டை ரோவர். படம் அனுப்பியிருக்கிறேன், போனைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள், கலம்தான் அப்படி நிற்கிறது.