தமிழ் எண்களோடு ஒரு கடிகார முகப்பு: கிம்ப்பில் வரையும்போது கோடுகள் மங்குகின்றன, மையமும் விலகுகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் வரப்போகிறது. தமிழ் எண்கள் பொறித்த சுவர்க்கடிகாரம் ஒன்றை நானே செய்து வகுப்பில் மாட்ட வேண்டும் என்று ஆசை. பழைய கடிகாரம் ஒன்றின் மிஷின் நன்றாக ஓடுகிறது. டயல் மட்டும் வெளுத்துப்போய்விட்டது.

கணினியில் கிம்ப் 2.10 என்ற படம் திருத்தும் மென்பொருள் இருக்கிறது, இதற்கு முன் அதில் புகைப்படங்களை வெட்டியதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. ஏ4 அளவில் புதிய படம் திறந்து, வட்டத்தைக் கையால் இழுத்து வரைந்து, 12 மணி இடத்தில் ஒரு கோடு போட்டேன். அந்த லேயரை (கோடு இருக்கும் தனி அடுக்கை) நகலெடுத்து, வட்டத்தின் நடுவைக் கண்ணளவில் குறித்துக்கொண்டு 30 பாகை சுழற்றினேன். பிறகு அந்த நகலை நகலெடுத்து இன்னொரு 30 பாகை. இப்படியே பதினொரு முறை செய்தேன். 11 மணிக் கோட்டுக்கு வந்தபோது அதன் ஓரம் பஞ்சு பிரிந்ததுபோல் ஆகிவிட்டது. 11-க்கும் 12-க்கும் நடுவே உள்ள இடைவெளியும் மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. எண்களையும் இதே முறையில் சுழற்றியதால் 6 தலைகீழாக நிற்கிறது. கடைசியில் எண்களை மட்டும் வேர்டில் தட்டச்சு செய்து கலர் பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோனேன்; அங்கே எல்லா எண்களும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன.

எங்கே தவறினேன் என்பதை யாரேனும் பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்பவர்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கோடு மங்கியதும் இடைவெளி கூடியதும் தனித்தனிக் குறைகள்போலத் தோன்றினாலும், மூலத்தை விட்டுவிட்டு நகலிலிருந்து அளந்ததே இரண்டையும் பெரிதாக்கியிருக்கிறது. ஒரு லேயரைச் சுழற்றும்போது கிம்ப் ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து புதிதாகக் கணக்கிடுகிறது. ஒருமுறை என்றால் கண்ணுக்குத் தெரியாது. சுழற்றியதையே மீண்டும் சுழற்றினால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போவதுபோல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூர்மை போகும். ஒவ்வொரு முறையும் கண்ணளவில் குறித்த மையம் இரண்டு பிக்சல் தள்ளியிருந்தாலும் அந்தப் பிழையும் சேர்ந்துகொண்டே வந்து, தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது இடைவெளியாகத் தெரியும்.

ஆகவே வரைவதற்கு முன் மையத்தை நிலைநிறுத்துங்கள். புதிய படத்தை 2100-க்கு 2100 பிக்சல் சதுரமாகத் திறந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதியில் ரெசல்யூஷனை அங்குலத்துக்கு 200 என்று வையுங்கள். அச்சில் இது 10.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 26.7 சென்டிமீட்டர் வரும். ஏ3 தாளின் 29.7 சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஓரம் விட்டு அடங்கிவிடும். ஏ4 அளவு டயலைக் கடைசி பெஞ்சுக் குழந்தை படிக்க முடியாது. அடுத்து, இமேஜ் மெனுவில் கைடுஸ் (வழிகாட்டிக் கோடுகள்) என்பதற்குள் சென்று, விழுக்காட்டில் கைடு போடும் வசதியால் கிடையாக 50, நெடுக்காக 50 என இரண்டு கைடுகள் போடுங்கள். அவை வெட்டிக்கொள்ளும் 1050, 1050 என்ற புள்ளிதான் உங்கள் மையம். இனி வரப்போகும் எல்லா அளவுகளும் அங்கிருந்தே தொடங்கட்டும்.

வட்டத்தைக் கையால் இழுக்க வேண்டாம். எலிப்ஸ் செலக்ட் கருவியை எடுத்து எங்காவது சிறிதாக இழுத்துவிட்டு, கருவியின் அமைப்புகளில் பொசிஷன் 30, 30 என்றும் சைஸ் 2040, 2040 என்றும் தட்டச்சு செய்யுங்கள். பிறகு எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்ஷன் கொடுத்துக் கோட்டின் தடிமனை 12 பிக்சல் வையுங்கள். வரைந்து முடிந்ததும் செலக்ஷனை நீக்கிவிடுங்கள்.

கோடுகளுக்குச் சுழற்றலே தேவையில்லை என்பதைச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். நானும் பல டயல்களைச் சுழற்றிச் சுழற்றி வரைந்த பிறகுதான் இதைக் கண்டுகொண்டேன். விண்டோஸ் மெனுவின் டாக்கபிள் டயலாக்ஸ் பட்டியலில் சிம்மெட்ரி பெயின்டிங் என்ற பலகை இருக்கிறது. அதில், வரைவதை மையத்தைச் சுற்றிலும் பிரதியெடுக்கும் மண்டலாவைத் தேர்ந்து, மையம் 1050, 1050 என்பதைச் சரிபார்த்து, புள்ளிகளின் எண்ணிக்கையை 60 ஆக்குங்கள். மேலிருந்து 60-ஆம் பிக்சலிலும் 100-ஆம் பிக்சலிலும் இரண்டு கிடைக் கைடுகள் போட்டு, வியூ மெனுவில் ஸ்னாப் டு கைடுஸ் இயக்கத்தில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு பெயின்ட்பிரஷ்ஷில் ஓரம் மங்காத வட்டத் தூரிகையை 6 பிக்சல் அளவில் எடுத்து, நெடுக்கு நடுக்கோடு 60-ஆம் கைடை வெட்டும் இடத்தில் ஒருமுறை சொடுக்கி, ஷிஃப்ட்டை அழுத்தியபடியே 100-ஆம் கைடை வெட்டும் இடத்தில் சொடுக்குங்கள். அறுபது நிமிடக் கோடுகளும் ஒரே நொடியில் சுற்றிலும் விழும். எண்ணிக்கையை 12 ஆக்கி, தூரிகையை 14 ஆக்கி, 100-இல் உள்ள கைடை 140-க்கு இறக்கி அதையே செய்தால் மணிக் கோடுகள் வந்துவிடும். தூரிகை அளவு இரட்டைப்படையில் இருப்பது நல்லது: 2100 பிக்சல் அகலத்தில் நடுக்கோடு இரண்டு பிக்சல்களுக்கு இடையே ஓடுகிறது, ஒற்றைப்படைத் தடிமன் அதன்மேல் சரிபாதியாக உட்காராது. வேலை முடிந்ததும் சிம்மெட்ரியை மறக்காமல் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து எதைத் தீட்டினாலும் பன்னிரண்டாக விழும்.

எண்கள் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அவற்றையும் சுழற்றக் கூடாது. ஒவ்வோர் எண்ணின் நடுப்புள்ளியையும் கணக்கிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டும். மையத்திலிருந்து 800 பிக்சல் தொலைவு என்று கொண்டால், 30 பாகையின் சைன் அரை என்பதால் 400-உம், கொசைன் 0.866 என்பதால் 693-உம் கிடைக்கின்றன. இவற்றை 1050-ஓடு கூட்டியும் கழித்தும் வருபவை ஏழே எண்கள்தாம். 12 மணிக்கு 1050, 250. 1 மணிக்கு 1450, 357. 2 மணிக்கு 1743, 650. 3 மணிக்கு 1850, 1050. 4 மணிக்கு 1743, 1450. 5 மணிக்கு 1450, 1743. 6 மணிக்கு 1050, 1850. முதலில் வருவது இடமிருந்து வலம், அடுத்தது மேலிருந்து கீழ். 7 முதல் 11 வரை இவற்றின் கண்ணாடிப் பிம்பம்: 7 மணிக்கு 650, 1743. 8 மணிக்கு 357, 1450. 9 மணிக்கு 250, 1050. 10 மணிக்கு 357, 650. 11 மணிக்கு 650, 357.

ஒவ்வோர் எண்ணையும் ஏறக்குறைய 150 பிக்சல் உயரம் வரும்படி தனி லேயரில் எழுதி, லேயர் மெனுவில் க்ராப் டு கன்டென்ட் கொடுங்கள். எழுத்துப்பெட்டி தன் மேலும் கீழும் வெற்றிடத்தைப் பிடித்துவைத்திருக்கும். அதை வெட்டாமல் வைத்தால் எல்லா எண்களும் ஒரு பக்கமாகச் சரிந்த தோற்றம் வந்துவிடும். வெட்டிய பின் 1 மணி எண் 96-க்கு 150 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1450-இலிருந்து 48-ஐயும் 357-இலிருந்து 75-ஐயும் கழித்தால் 1402, 282. லேயரின்மேல் வலச்சொடுக்குச் செய்து எடிட் லேயர் ஆட்ரிப்யூட்ஸ் திறந்து, ஆஃப்செட் கட்டங்களில் இந்த இரண்டையும் இடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது பிஎன்ஜி-யாக ஏற்றுமதி செய்யுங்கள். அதில் எண்கள் படமாகிவிடுவதால் கடைக்காரரின் கணினியில் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டங்கள் வராது. ஜேபெக் வேண்டாம், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஓரங்களில் அழுக்குபோலப் புள்ளிகள் தெரியும். ‘ஃபிட் டு பேஜ்’ என்பதை நீக்கி, 100 விழுக்காட்டில் அச்சிடச் சொல்லுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆயினும் கோடும் வட்டமும் எழுத்தும் மட்டுமே உள்ள ஒரு வேலைக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளே பொருத்தமானது என்பது என் கருத்து. அது வடிவங்களைப் பிக்சலாக அன்றிக் கணக்காக வைத்திருப்பதால், எத்தனை முறை சுழற்றினாலும் ஓரம் மங்காது. நாளைக்கு இதையே மூன்றடிப் பலகைக்குப் பெரிதாக்கினாலும் கூர்மை அப்படியே இருக்கும்.

கோட்டை இரண்டாம் முறை சொடுக்கினால் நடுவில் ஒரு சிறு கூட்டல் குறி தோன்றும். அதைப் பிடித்து இழுத்து வட்டத்தின் மையத்தில் வைத்துவிட்டு, கன்ட்ரோல் டி கொடுத்து நகலெடுத்து, டிரான்ஸ்ஃபார்ம் பலகையில் 30 பாகை சுழற்றுங்கள். இங்கே நகலை நகலெடுத்துச் சுழற்றுவதில் தீங்கில்லை. எழுத்துகளை முடிவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து வெறும் வடிவங்களாக மாற்றிவிட்டால் எழுத்துருச் சிக்கலும் தீர்ந்தது.

மறுமொழி 3 (தமிழ் எழுத்துருக்களில் ஆர்வமுள்ளவர்)

கட்டங்கள் தோன்றியதற்குக் காரணம், கடையில் இருந்த எழுத்துருவில் தமிழ் எண்கள் இல்லாததாகவே இருக்க வேண்டும். எழுத்துகள் எல்லாம் இருந்தும் எண்களைச் சேர்க்காத பழைய எழுத்துருக்கள் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டிலும் அவை இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன. தூரத்திலிருந்து படிக்கச் சான்ஸின் தடித்த வடிவமே என் தேர்வு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ௧ என்பதற்குப் பதில் க, ௨ என்பதற்குப் பதில் உ, ௭ என்பதற்குப் பதில் எ, ௮ என்பதற்குப் பதில் அ என்று எழுத்துகளையே இட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. சில எழுத்துருக்களில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. வேறு சிலவற்றில் எண்ணின் கோடு நீண்டு, வளைவு மாறி, கலந்து எழுதியது உடனே கண்ணை உறுத்தும். விண்டோஸின் கேரக்டர் மேப்பிலிருந்து எண்களையே எடுத்து ஒட்டுங்கள்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகியவற்றை ௰, ௰௧, ௰௨ என்று எழுதுவதே பழைய மரபு. அம்முறையில் சுழியத்துக்குக் குறியீடு தேவைப்படவில்லை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. ௦ என்ற தமிழ்ச் சுழியம் யூனிகோடில் 2005-இல், 4.1 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. இடமதிப்பு முறையில் ௧௦, ௧௧, ௧௨ என்று எழுதுவோரும் உண்டு. அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே டயலில் கலக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. இங்க்ஸ்கேப்பை விடுமுறையில் கற்றுக்கொள்கிறேன். இப்போதைக்குக் கையில் இருந்த கிம்ப்பிலேயே முடித்துவிட்டேன். ஷிஃப்ட்டை அழுத்திச் சொடுக்கிய அந்தக் கணத்தில் அறுபது கோடுகளும் ஒன்றாக வந்து விழுந்ததைப் பார்த்து, பக்கத்திலிருந்த என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மரபுப்படி ௰, ௰௧, ௰௨ என்றே எழுதியிருக்கிறேன். இரண்டு குறிகள் சேர்ந்த ௰௧, ௰௨ ஆகியவை மற்றவற்றைவிட அகலமாக இருப்பதால், அவற்றின் உள் ஓரம் மணி முள்ளின் பாதைக்குள் வந்துவிடுமோ என்று ஐயமாக இருக்கிறது. பழைய முள்களும் இந்த டயலுக்குக் குட்டையாகத் தெரிகின்றன. எந்த நீளத்தில் புதிய முள்கள் வாங்குவது?

மறுமொழி 4 (கடிகாரம் பழுதுபார்ப்பவர்)

அம்மா, முள்ளின் நீளத்தை உங்கள் படத்திலிருந்தே எடுத்துவிடலாம். நிமிடக் கோடுகள் மையத்திலிருந்து 950 பிக்சலில் தொடங்கி 990 வரை நிற்கின்றன. அங்குலத்துக்கு 200 என்ற கணக்கில் 950 பிக்சல் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர். நிமிட முள்ளின் நுனி அந்தக் கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. நிமிட முள் குட்டையாகிவிட்டால் குழந்தைக்கு 17-ஆம் நிமிடமா 18-ஆம் நிமிடமா என்று பிரித்துச் சொல்ல வராது. மணி முள் எண்ணைச் சுட்ட வேண்டுமே தவிர மறைக்கக் கூடாது. 12 மணி எண்ணின் கீழ் ஓரம் 725 பிக்சலில், அதாவது 92 மில்லிமீட்டரில் இருக்கிறது. நீங்கள் ஐயப்பட்ட ௰௧, ௰௨ உள்ளே கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தாலும், 80 மில்லிமீட்டர் நீள மணி முள் வாங்கினால் எதிலும் இடிக்காமல் சுற்றும்.

இரண்டு முள்ளின் தடிமனிலும் தெளிவான வேறுபாடு இருக்கட்டும். பழைய மிஷினின் முள்கள் எவ்வளவு நீளமோ தெரியாது. நீளமான முள்ளைத் தூக்க அதன் இழுவை போதாமல் போகலாம். நிமிட முள் 9-ஐத் தாண்டி மேலே ஏறும் இடத்தில்தான் அது காட்டிக்கொடுக்கும். ஓர் இரவு ஓடவிட்டு, காலையில் நேரம் பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பின்தங்கினால் நீள முள்களுக்கென்று விற்கும் மிஷினாகவே வாங்குங்கள். மிஷினின் தண்டு நுழையும் துளை பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆனாலும் உங்களுடையதை அளந்துவிட்டே பலகையில் துளையிடுங்கள். டயலின் மையத்தில் ஒரு சிறு கூட்டல் குறியை அச்சிட்டுவிட்டால் துளை விலகாது. பிறகு அது மிஷினின் வாஷருக்கு அடியில் மறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாட்டிவிட்டோம். டயலை ஏ3 ஸ்டிக்கராக அச்சிட்டுப் பிளைவுட் பலகையில் ஒட்டினேன். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது வெளிவட்டத்தின் குறுக்களவு எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்றாகவே இருந்தது. பழைய மிஷின் புதிய முள்களைத் தூக்கவில்லை, இரவில் இருபது நிமிடம் பின்தங்கிவிட்டது. வேறு மிஷின் மாற்றிய பிறகு சரியாக ஓடுகிறது. வகுப்பில் ஒரு சிறுமி ௫ மணியை "ரு மணி" என்று படித்தாள். அடுத்த பிரதியில் மணிக் கோட்டுக்கு வெளியே 5, 10, 15 என்று நிமிடங்களைச் சிறிய இந்திய-அரபு எண்களில் சேர்க்க நினைக்கிறேன். அதற்காக வெளிவட்டத்துக்கும் நிமிடக் கோடுகளுக்கும் இடையே இன்னும் 60 பிக்சல் இடம் விட்டு, புதிதாக வரையத் தொடங்கியிருக்கிறேன்.